கால்நடை மருத்துவ போர்டு தேர்வுக்குப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

போர்டு தேர்வுக்கு, அதாவது கால்நடை மருத்துவத்தில் ஒரு துறையின் நிபுணர் என்று சான்று தரும் தேர்வுக்கு, உட்காருபவர் எவரும் படிக்கத் தெரியாதவர் இல்லை. இன்டர்ன்ஷிப், ரெசிடென்சி (நிபுணர்களின் கீழ் பெறும் சிறப்புப் பயிற்சி) என்று பல வடிகட்டல்களைத் தாண்டி வந்தவர்தான். ஆனாலும் சறுக்குபவர்கள் இருக்கிறார்கள். சறுக்கல் பெரும்பாலும் படிக்கும் வரிசையில் இருக்கிறது. பாடநூலின் முதல் அத்தியாயத்தில் தொடங்குவது, ஜர்னல்களைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது, கேள்விப் பயிற்சியை 'எல்லாம் படித்து முடித்த பிறகு' என்று ஒத்திவைப்பது. அந்த 'முடித்த பிறகு' வருவதே இல்லை.

இங்கே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சிறுபிராணி உள்மருத்துவத்தைச் சேர்ந்தவை. முறை அறுவை சிகிச்சை, கதிரியல், நோயியல், அவசர சிகிச்சை எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'கல்லூரி' என்று வரும் இடமெல்லாம் பாடம் நடத்தும் இடத்தைக் குறிக்காது. சிறப்புச் சான்று வழங்கும் அமைப்பைக் குறிக்கும்.

1. முதலில் தகுதி ஆவணங்கள், பிறகு புத்தகம்

அமெரிக்காவில் ஏ.வி.எம்.ஏ.வின் (அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம்) கீழ் இயங்கும் ஏ.பி.வி.எஸ்., ஐரோப்பாவில் ஈ.பி.வி.எஸ். ஆகிய சிறப்புத்துறை வாரியங்கள் கல்லூரிகளை அங்கீகரிக்கின்றன. தேர்வு எழுத யாருக்குத் தகுதி, எத்தனை முறை எழுதலாம், என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற விவரமெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் கையேட்டில் இருக்கும். உள்மருத்துவத்துக்கான ஏ.சி.வி.ஐ.எம். போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சி கட்டாயம். பொது மருத்துவம் பார்ப்பவர்களுக்குச் சான்று வழங்கும் ஏ.பி.வி.பி.யில் பணி அனுபவத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பக்கத்து அறை சக மருத்துவருக்குப் பொருந்தும் விதி உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

இந்த ஆண்டுக் கையேட்டைக் கல்லூரியின் தளத்திலிருந்து நேராகத் தரவிறக்குங்கள். சீனியர் அனுப்பிய பழைய கோப்பை நம்பித் தொடங்குவதுதான் முதல் பொறி. தேர்வு அமைப்பும் வாசிப்புப் பட்டியலும் இடையில் மாறியிருக்கலாம்.

கையேட்டில் இருந்து ஒரே தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: விண்ணப்பக் கடைசி நாள், கட்டணக் கடைசி நாள், கேஸ் லாக் (கையாண்ட நோயாளி விலங்குகளின் பதிவேடு) ஒப்படைக்கும் நாள், பரிந்துரைக் கடிதங்கள் வந்து சேர வேண்டிய நாள், ஆய்வுக் கட்டுரை 'ஏற்கப்பட்டது' என்று காட்ட வேண்டிய நாள். கடைசியாகச் சொன்னதில்தான் கூடுதல் ஆபத்து. ஒரு கட்டுரை ஜர்னலுக்குப் போய், விமர்சகர் கருத்து வந்து, திருத்தி, ஏற்கப்படப் பல மாதங்கள் ஆகும். முதல் ஜர்னல் நிராகரித்தால் கணக்கு மறுபடி தொடங்கும். கட்டுரை தேவைப்படும் கல்லூரி என்றால், படிப்பு அட்டவணை போடும் முன்பே அது ஜர்னலின் கையில் இருக்க வேண்டும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கட்டுரை திருத்துவதும் பாடம் படிப்பதும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

கேஸ் லாக்கை வாரம் ஒருமுறை நிரப்புங்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பினால், எந்த வகைக் கேஸ் குறைகிறது என்பது அதைச் சரிசெய்ய நேரமில்லாத போதுதான் தெரியும்.

2. தேர்வு உங்களை என்ன செய்யச் சொல்கிறது?

போர்டு தேர்வு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேலைகள் உள்ளன: பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சிறு விடை அல்லது கட்டுரை எழுதுவது, படத்தையோ ஸ்லைடையோ பார்த்து விவரிப்பது, தேர்வாளர் முன் வாயால் சொல்வது. ஆஸ்திரேலிய–நியூசிலாந்துக் கல்லூரியின் தேர்வுகளில் எழுத்து விடைக்கும் வாய்மொழிக்கும் பெரிய இடம் உண்டு. நோயியலில் திசு ஸ்லைடைப் பார்த்து எழுதும் விவரிப்பு இருக்கிறது. கதிரியலில் படம் வாசிப்பதுதான் உயிர்நாடி.

இதை முதலிலேயே பிரித்துப் பார்ப்பது அவசியம். விடையை அடையாளம் காணும் திறனும், வெற்றுத் தாளில் விடையை வரவழைக்கும் திறனும் ஒன்றல்ல. கொள்குறி வினாக்களில் மட்டும் பழகியவர் கட்டுரைத் தாளில் 'தெரியும், ஆனால் எழுத வரவில்லை' என்று தவிப்பார்.

தேர்ச்சி மதிப்பெண் எப்படி நிர்ணயமாகிறது என்றும் பாருங்கள். பல கல்லூரிகள் ஆங்காஃப் முறையையோ அதன் திருத்திய வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒரு விண்ணப்பதாரர் இந்த வினாவுக்குச் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிபுணர் குழு ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பிட்டு, அதிலிருந்து வெட்டு மதிப்பெண்ணை எடுக்கும். அதாவது உங்களோடு எழுதுபவர் உங்கள் போட்டியாளர் இல்லை. குறிப்புகளைப் பூட்டி வைத்துக்கொள்வதால் ஒரு லாபமும் கிடையாது.

3. ப்ளூபிரிண்டை அட்டவணையாக்குங்கள்

எந்தத் துறைக்கு எத்தனை விழுக்காடு வினா என்று பெரும்பாலான கல்லூரிகள் ப்ளூபிரிண்ட் வெளியிடுகின்றன. அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுங்கள். ஐந்து நெடுவரிசை போதும்: துறை, உட்தலைப்பு, தேர்வில் பங்கு, உங்கள் நிலை, கடைசியாகத் தொட்ட தேதி.

'உங்கள் நிலை' என்பதை 1 முதல் 4 வரை எண்ணால் குறியுங்கள். 1 என்றால் புத்தகம் இல்லாமல் ஒரு பத்தி கூடச் சொல்ல முடியாது. 4 என்றால் ஜூனியருக்குக் கரும்பலகையில் வரைந்து விளக்க முடியும். மனதால் மதிப்பிடாதீர்கள், ஒவ்வொரு உட்தலைப்புக்கும் ஐந்து நிமிடம் வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு எண் போடுங்கள். தினமும் பார்க்கும் நோய் என்பதால் 4 போட்ட தலைப்பு, எழுதிப் பார்த்தால் 2 என்று தெரியவரும். தினசரி வேலையில் மருந்தளவும் நெறிமுறையும் போதும். தேர்வு கேட்பது அந்த மருந்து எந்த ஏற்பியில் வேலை செய்கிறது, எதனால் அந்தப் பக்கவிளைவு வருகிறது என்று.

பங்கு அதிகம், நிலை குறைவு என்ற தலைப்புகள் முதலில். பங்கு குறைவு, நிலை குறைவு என்பவை இரண்டாம் சுற்றில். விருப்பமான தலைப்பு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டாம், அது எப்படியும் தானாக நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

4. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முழுநேரப் பணியில் இருப்பவருக்குப் பன்னிரண்டு மாதம் நியாயமான அளவு. தேர்வு நாளில் இருந்து பின்னோக்கிப் பிரியுங்கள்: கடைசி இரண்டு மாதம் திருப்புதல், அதற்கு முந்தைய மூன்று மாதம் வினாவை மையமாக வைத்த படிப்பு, அதற்கு முந்தைய ஆறு மாதம் முதல் சுற்று, தொடக்கத்தில் ஒரு மாதம் ஆவணம், ப்ளூபிரிண்ட், கருவிகள். முதல் சுற்று ஆறு மாதத்தைத் தாண்டினால் அதை நீட்டாதீர்கள். மிச்சத்தை வினா வழியே பிடியுங்கள்.

வார நாட்களில் நாளுக்கு இரண்டு மணி நேரம், வார இறுதியில் ஒரு நாள் நான்கு மணி நேரம் என்றால் வாரம் 14 மணி நேரம். 40 வாரத்துக்கு 560 மணி நேரம். பத்தாவது வாரத்திலேயே கைவிடும் அளவுக்குக் கடுமையான அட்டவணையை விட இது மேல். அவசரப் பிரிவு இரவுப் பணி வாரங்களில் புதுப் பாடம் வைக்காதீர்கள், கார்டு (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய நினைவு அட்டை) திருப்புதல் மட்டும் போதும். தூக்கமில்லாத மூளையில் புதிய உடலியங்கியல் ஏறாது. ஐந்து வாரத்துக்கு ஒரு வாரம் காலியாக விடுங்கள். காய்ச்சல், கேஸ் நெருக்கடி, வீட்டு வேலை எல்லாம் அந்தக் காலி வாரத்தைத்தான் சாப்பிடும்.

5. பாடநூலை வாசிக்கும் முறை

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். மஞ்சள் பேனாவால் கோடு போட்டபடி அத்தியாயம் வாசித்தால் படித்தது போலவே இருக்கும், மறுவாரம் எதுவும் மிஞ்சாது. கண்ணுக்குப் பழக்கமானதை மூளை 'தெரிந்தது' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது.

வாசிக்கும் முன் அத்தியாயத் தலைப்பை மட்டும் பார்த்து, தெரிந்ததை எல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். பிறகு வாசியுங்கள். புத்தகத்தை மூடி, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். இரண்டாவது நிறத்தில் உள்ளது மட்டுமே உங்கள் குறிப்பு. முதல் நிறத்தில் உள்ளதை மறுபடி எழுதி அழகுபடுத்த வேண்டாம்.

எந்த ஆழம் வரை போவது? அடிசன் நோயை (அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத நோய்) எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் படித்தவர் 'சோடியம் குறையும், பொட்டாசியம் கூடும், ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனையால் உறுதிப்படுத்தலாம்' என்று நிறுத்துவார். தேர்வுக்குத் தயாரானவர் இன்னும் நான்கு கேள்விக்கு விடை வைத்திருப்பார்.

ஒன்று, அயனிகள் ஏன் மாறுகின்றன? ஆல்டோஸ்டீரோன் இல்லாமல் சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களில் சோடியத்தைப் பிடிக்கவும் பொட்டாசியத்தைத் தள்ளவும் முடிவதில்லை. இரண்டு, இதே சோடியம்–பொட்டாசிய மாற்றம் வேறு எதில் வரும்? சாட்டைப்புழுத் தொற்று, நெஞ்சறையில் திரும்பத் திரும்பத் திரவம் வடிப்பது, சிறுநீர் வெளியேறாத நிலை. மூன்று, அயனி மாறாமலே இந்நோய் இருக்குமா? இருக்கும்; அந்த நாய் நாள்பட்ட வயிற்றுக் கோளாறாக வரும், ஆல்புமினும் கொலஸ்ட்ராலும் குறைந்திருக்கலாம். நோயுற்ற நாயின் ரத்தத்தில், உடல் நெருக்கடியின்போது வழக்கமாக வரும் வெள்ளணு மாற்றம் இல்லாதது ஒரு துப்பு. நான்கு, அடிப்படைக் கார்டிசால் (தூண்டாமல் அளக்கும் அட்ரினல் ஹார்மோன் அளவு) எதற்கு? டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நோயை ஏறக்குறைய விலக்கலாம். அதற்குக் குறைந்தால் நோய் உறுதி என்று பொருள் இல்லை, தூண்டல் சோதனைக்குப் போக வேண்டும்.

நான்காவதில்தான் வினா அமைப்பவர்கள் வலை விரிப்பார்கள். விலக்கும் சோதனையை உறுதிப்படுத்தும் சோதனையாக எடுத்துக்கொள்வது எளிதில் நேரும் தவறு. எந்த நோயைப் படித்தாலும் இதே நான்கையும் கேளுங்கள்: ஏன் நடக்கிறது, வேறு எது இதுபோல் தோன்றும், வழக்கத்துக்கு மாறான வடிவம் எது, சோதனை உண்மையில் என்ன சொல்கிறது.

6. எண்களும் வகைப்பாடுகளும்: கார்டில் எது, எது வேண்டாம்

புரிந்துகொள்ள வேண்டியதைக் கார்டில் போட்டு மனப்பாடம் செய்வது வீண். கார்டு எதற்கென்றால், புரிந்தாலும் நினைவில் நிற்காத எண்களுக்கு. ஐரிஸ் என்ற பன்னாட்டுச் சிறுநீரக நிபுணர் அமைப்பு வகுத்த, நாள்பட்ட சிறுநீரக நோயின் நிலைகள் நல்ல எடுத்துக்காட்டு. நாய்க்கு முதல் நிலை கிரியாட்டினின் 1.4-க்குக் கீழ், பூனைக்கு 1.6-க்குக் கீழ், இரண்டாம் நிலை இரண்டிலும் 2.8 வரை; மூன்றாம் நிலை 2.9 முதல் 5.0, அதற்கு மேல் நான்காம் நிலை. அலகு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். ஒரு கார்டில் ஒரு எல்லை மட்டும். முழு அட்டவணையையும் ஒரே கார்டில் போட்டால் எது மறந்தது என்றே தெரியாது.

மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) நோயின் பி2 நிலையையும், அதாவது இதயம் பெரிதாகியும் செயலிழப்பு வராத நிலையையும், அப்படியே பிரிக்கலாம். இதய முணுமுணுப்பு (ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் கூடுதல் ஒலி) ஆறு தரங்களில் 3 அல்லது அதற்கு மேல். இடது ஏட்ரியம்–அயோர்ட்டா விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல். உடல் எடைக்கேற்பச் சீராக்கிய இடது வென்ட்ரிக்கிள் விட்டம் 1.7 அல்லது அதற்கு மேல். முதுகெலும்பு இதய அளவு 10.5-க்கு மேல். நான்கு கார்டு. ஐந்தாவது கார்டில் கேள்வி வேறு: 'இந்த நிலையை ஏன் இவ்வளவு துல்லியமாக வரையறுக்க வேண்டும்?' சிகிச்சை தொடங்கும் முடிவு இதில்தான் நிற்கிறது என்பது விடை.

அலகு மாற்றத்தைத் தனியாகப் பழகுங்கள். குளுக்கோஸை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருந்து லிட்டருக்கு மில்லிமோலாக மாற்ற 18-ஆல் வகுக்க வேண்டும். கிரியாட்டினினை அதேபோல் லிட்டருக்கு மைக்ரோமோலாக்க 88.4-ஆல் பெருக்க வேண்டும். ஓர் அமைப்பில் பயிற்சி பெற்று மற்றோர் அமைப்பில் தேர்வு எழுதுபவர்கள், சரியான மருத்துவம் தெரிந்தும் அலகில் தடுக்கி விழுவார்கள்.

அங்கி (Anki) போன்ற கார்டு செயலியைப் பயன்படுத்தினால் நாளுக்கு 15 புதிய கார்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். சில வாரங்களில் தினசரித் திருப்புதல் அதைப் போல் ஏழு முதல் பத்து மடங்காகும். 30 சேர்த்தால் நாளுக்கு முந்நூறு கார்டு வந்து நிற்கும். வேறொருவர் செய்த ஆயிரக்கணக்கான கார்டுகளை இறக்கி அப்படியே படிப்பதும் பயன் தராது. கார்டைத் தயாரிக்கும்போது நடக்கும் யோசனையே பாதிப் படிப்பு.

7. ஜர்னல்: முதல் மாதத்திலிருந்தே, வாரம் ஒரு இடம்

எந்தெந்த ஜர்னல், எத்தனை ஆண்டு பின்னோக்கி என்பதைக் கையேடு சொல்லும். கடைசி இரண்டு மாதத்துக்கு இதைத் தள்ளினால் நூற்றுக்கணக்கான சுருக்கங்களை வெறுமனே உருட்டுவதுதான் நடக்கும். வாரம் இரண்டு மணி நேரம் முதல் வாரத்திலிருந்தே ஒதுக்குங்கள்.

எல்லாக் கட்டுரைக்கும் சம இடம் இல்லை. முதலில் கருத்தொருமித்த அறிக்கைகள் (நிபுணர் குழு ஒப்புக்கொண்டு வெளியிடும் பரிந்துரைகள்), ஏ.சி.வி.ஐ.எம். வெளியிடுபவை ஜர்னல் ஆஃப் வெட்னரி இன்டர்னல் மெடிசினில் வருகின்றன, இலவசமாகவே கிடைக்கும். அடுத்து, நடைமுறைச் சிகிச்சையையே மாற்றிய குலுக்கல் முறைச் சோதனைகள் (விலங்குகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்துபவை). அதன்பின் நோயறி சோதனைகளின் துல்லியத்தை அளந்தவை. ஒரே ஒரு விலங்கைப் பற்றிய கேஸ் அறிக்கையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கட்டுரைக்கு ஐந்து வரி: யாரைச் சேர்த்தார்கள், என்ன கொடுத்தார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, எங்கே பலவீனம். மாதிரிக்கு 2016-இல் வந்த எபிக் ஆய்வு. சேர்த்தது: மைட்ரல் வால்வு நோயால் இதயம் பெரிதாகி, இதயச் செயலிழப்பு இன்னும் வராத 360 நாய்கள். கொடுத்தது: பிமோபென்டன் என்ற இதய மருந்து அல்லது பொய் மருந்து. அளந்தது: இதயச் செயலிழப்பு, இதயத்தால் மரணம் அல்லது கருணைக்கொலை வரை ஆன காலம். கிடைத்தது: பிமோபென்டன் குழுவில் இடைநிலை 1228 நாள், பொய் மருந்துக் குழுவில் 766 நாள்.

இதை 2008-இன் குவெஸ்ட், 2012-இன் புரொடெக்ட் ஆகிய இரு ஆய்வுகளோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் அதே மருந்து, ஆனால் சேர்த்த நாய்கள் வேறு. குவெஸ்ட் ஏற்கெனவே செயலிழப்பில் இருந்தவற்றை எடுத்து, பிமோபென்டனை பெனாசெப்ரில் என்ற மற்றோர் இதய மருந்தோடு ஒப்பிட்டது. புரொடெக்ட் அறிகுறி தோன்றாத நிலையில் இருந்த டாபர்மேன்களின் இதயத்தசை நோயை எடுத்தது. வினாவில் வரும் நாய் எந்த ஆய்வின் நாய் என்று கண்டுபிடிப்பதே உண்மையான வேலை. முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர் மூன்றையும் கலந்துவிடுவார்.

8. புள்ளியியலும் உடலியங்கியலும்: எல்லோரும் ஒத்திவைக்கும் மதிப்பெண்

நோயறி சோதனைக் கணக்கை வார்த்தையாகப் படிக்காமல் 1000 விலங்குகளை வைத்துக் கையால் போடுங்கள். உணர்திறன் (நோயுள்ளவற்றில் நேர்மறை வரும் பங்கு) 90%, குறித்தன்மை (நோயற்றவற்றில் எதிர்மறை வரும் பங்கு) 90%, நோய்ப் பரவல் 10% என்றால் நோயுள்ள 100-இல் 90 நேர்மறை. நோயற்ற 900-இலும் 90 நேர்மறை. எனவே நேர்மறை வந்த விலங்குக்கு நோய் இருக்க வாய்ப்பு 50%. பரவல் 1% ஆனால் 9 உண்மை, 99 பொய். வாய்ப்பு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சோதனை மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. இதை நான்கைந்து முறை போட்டவருக்குச் சூத்திரமே தேவைப்படாது.

உடலியங்கியலில் ஆக்சிஜன் கணக்கு, அமில–காரச் சமநிலை, சிறுநீரக நெப்ரான், இதயச் சுழற்சி ஆகிய நான்கும் பல துறைகளின் தேர்வில் திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கும். நுரையீரல் காற்றறை ஆக்சிஜன் அழுத்தத்துக்கு: கடல் மட்டக் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசத்திலிருந்து நீராவிக்கு 47 கழித்தால் 713, அறைக் காற்றில் அதன் 21% ஏறக்குறைய 150, அதிலிருந்து கரியமில வாயு அழுத்தத்தை 0.8-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். அது 40 என்றால் 50 போய் விடை 100 அளவில் நிற்கும். தமனி ரத்தத்தில் 65 தான் இருக்கிறது என்றால் இடைவெளி 35. காற்றோட்டம் குறைந்ததால் மட்டும் இது வராது, நுரையீரலிலேயே கோளாறு. கணக்கை முடித்ததும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிப் பழகுங்கள். எண் வந்தவுடன் நின்றுவிடுபவர்கள் ஏராளம்.

9. படமும் ஸ்லைடும்

நோயின் பெயரைச் சொல்லும் முன் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே என்றால் ஆறு அடையாளங்கள்: அளவு, வடிவம், எண்ணிக்கை, இடம், விளிம்பு, அடர்த்தி. அடர்த்தி ஐந்து வகை: வாயு, கொழுப்பு, மென்திசு அல்லது திரவம், தாது, உலோகம். நோயியலில் இடம், பரவிய விதம், எண்ணிக்கை, அளவு, வடிவம், நிறம், கெட்டித்தன்மை. பெயரை முதலில் சொன்னால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டுமே தேடும்.

முதல் புண்ணைக் கண்டதும் தேடலை நிறுத்துவது இன்னொரு பொறி. நுரையீரல் கட்டியைப் பார்த்த மகிழ்ச்சியில் விலா எலும்பு அரிப்பை விட்டுவிடுவது. படத்தின் ஓரங்களை எப்போதும் ஒரே வரிசையில் பார்த்து முடித்த பிறகே பேனாவை எடுங்கள்.

பயிற்சிக்குத் தினம் ஐந்து படம் போதும், ஆனால் எழுதியே ஆக வேண்டும். மனதில் சொல்லிக்கொண்ட விவரிப்பில் ஓட்டை தெரியாது. சாதாரணப் படங்களையும் கலந்து வையுங்கள். எப்போதும் நோயுள்ள படத்தையே பார்த்துப் பழகினால், ஆரோக்கியமான குட்டியின் வளர்ச்சித்தட்டு (எலும்பு வளரும் இடம்) எலும்பு முறிவு போலத் தெரியும்.

10. வினாப் பயிற்சியும் தவறுப் பதிவேடும்

முதல் சுற்றிலேயே, ஒரு துறை முடிந்த வாரத்தில் அந்தத் துறையின் 20 வினாக்களைப் போடுங்கள். மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். படித்தது எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தவறுப் பதிவேட்டில் வினாவை எழுதாதீர்கள், தவறின் வகையை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தது நினைவு வரவில்லை, வினாவைத் தவறாக வாசித்தேன், இரண்டில் தயங்கித் தவறினேன். மருந்து வேறுபடும். முதலாவதற்குப் பாடநூல், இரண்டாவதற்குக் கார்டு, நான்காவதற்கு இரு நோய்களையும் எதிரெதிரே வைத்த ஒப்பீட்டு அட்டவணை. மூன்றாவதற்குப் படிப்பு எதுவும் உதவாது. 'தவிர', 'முதல் படி', 'மிகப் பொருத்தமான' போன்ற சொற்களின் கீழ் கோடு போடும் பழக்கம்தான் உதவும்.

முந்தைய ஆண்டுகளில் எழுதியவர்கள் நினைவிலிருந்து தொகுத்த வினாக்கள் என்று ஏதாவது கைக்கு வந்தால் திறக்காதீர்கள். விண்ணப்பதாரர்களிடம் ரகசிய உறுதிமொழி வாங்குவது வழக்கம். மீறினால் தேர்வே ரத்தாகலாம். அறம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தொகுப்புகளில் விடைகளும் அடிக்கடி தவறாக இருக்கும்.

11. எழுத்து விடை, வாய்மொழி

வினைச்சொல்லைப் பாருங்கள். 'பட்டியலிடு' என்றால் பத்தி வேண்டாம். 'ஒப்பிடு' என்றால் இரண்டையும் தனித்தனியே எழுதுவது ஒப்பீடு ஆகாது. 'நியாயப்படுத்து' என்றால் காரணத்துக்குத்தான் மதிப்பெண். ஐந்து கேட்டால் ஐந்து எழுதுங்கள். எட்டு எழுதினால் முதல் ஐந்தை மட்டும் திருத்துவது பல தேர்வாளர்களின் வழக்கம், உங்கள் சிறந்த விடை ஏழாவதாக இருந்தால் போயிற்று.

நேரத்தை மதிப்பெண்ணால் பங்கிடுங்கள். 120 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால் 10 மதிப்பெண் வினாவுக்கு 12 நிமிடம். அதில் முதல் இரண்டு நிமிடம் எலும்புக்கூடு போட. பிடித்த வினாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து கடைசி வினாவை வெறுமையாக விடுவது, எழுத்துத் தேர்வின் தீராத நோய்.

வாய்மொழியில் முதலில் அணுகுமுறையைச் சொல்லுங்கள், பிறகு அதன் படி செல்லுங்கள். தேர்வாளர் இடைமறித்துத் திசை மாற்றினால் அது பெரும்பாலும் உதவி; முன்பு தொடங்கியதை முடித்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் மதிப்பெண் உள்ள இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சேர்த்துச் சொல்லலாம். ஊகத்தை உறுதியாகச் சொல்லி விலங்கைக் கொல்லும் சிகிச்சையை முன்மொழிவது மட்டும் கூடாது.

12. கூட்டுப் படிப்பு

மூவர் போதும், வாரம் ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் தாமே அமைத்த ஐந்து வினாவோடு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவருக்கு அந்த வாரம் இடம் இல்லை. வினா அமைக்கும்போதுதான் தவறான விடை ஏன் கவர்ச்சியாக இருக்கிறது என்பது புரியும். அத்தியாயத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் கூட்டம் என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

13. கடைசி ஆறு வாரம்

புதிய கார்டு சேர்ப்பதை நிறுத்துங்கள். இந்தக் கட்டத்தில் சேர்ப்பது, ஏற்கெனவே உள்ளதைத் திருப்பும் நேரத்தைத் திருடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, உண்மையான தேர்வு தொடங்கும் அதே மணிக்கு, அதே நீளத்துக்கு, இடைவேளை விதியோடு. மூன்றாவது மணி நேரத்தில் கவனம் எப்படிச் சரிகிறது என்பதை 20 வினாப் பயிற்சி காட்டாது. மாதிரித் தேர்வுக்கு மறுநாள் முழுவதும் தவறுகளுக்கே. அடுத்த தேர்வுக்கு ஓடாதீர்கள்.

கடைசி வாரம் தவறுப் பதிவேடு, சூத்திரத் தாள், ஒப்பீட்டு அட்டவணைகள் மட்டும். அந்த வாரத்துக்கு ஆன்கால் பணியை மாற்றிக்கொள்ள மூன்று மாதம் முன்பே கேளுங்கள், அப்போது கிடைக்கும்.

14. தேர்வு நாளும் அதன் மாலையும்

அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். முதலெழுத்தா, முழுப் பெயரா என்ற சிக்கல் தேர்வு மையத்தின் வாசலில் தீராது. கால்குலேட்டர், வெற்றுத் தாள், உணவு, மருந்து எது அனுமதி என்பதையும் அப்போதே பாருங்கள்.

120 வினா, 180 நிமிடம் என்றால் வினாவுக்கு 90 நொடி. ஒவ்வொரு 20 வினாவுக்கும் கடிகாரத்தைப் பாருங்கள்; 30 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். நீண்ட கேஸ் வினாவில் கடைசி வரியை முதலில் வாசித்தால், எந்தத் தகவலைத் தேடுகிறோம் என்று தெரிந்து மேலே போகலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்று கையேடு சொன்னால் எதையும் காலியாக விடாதீர்கள். விடையை மாற்றுவதற்குக் காரணம் ஒன்றைச் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள், பதற்றத்தால் மட்டும் வேண்டாம்.

தேர்வு முடிந்த அன்று மாலை, எந்தெந்தத் துறையில் கால் நடுங்கியது என்று தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வினாக்களை எழுதக் கூடாது, அது உறுதிமொழி மீறல். முடிவு வர வாரங்கள் ஆகும், அதற்குள் நினைவு கரைந்துவிடும். மறுபடி எழுத நேர்ந்தால், கல்லூரி துறைவாரியாக மதிப்பெண் அறிக்கை அனுப்பினால் அதையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து மூன்றாம் படியின் ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்களைத் திருத்துங்கள். எத்தனை ஆண்டுக்குள், எத்தனை முறை எழுதலாம் என்ற விதியையும் அன்றே மறுபடி பாருங்கள். அடுத்த விண்ணப்பக் கடைசி நாள் நினைப்பதை விட அருகில் இருக்கும்.